தாயகம் திரும்பியவர்களின் கண்ணீர்ப் பயணம்

யூபிலி என்றதும் கொடியேற்றம், கூட்டுத் திருப்பலி, தேர்ப்பவனி, அசனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் நல்லவையே. ஆயினும், அச்சொல் பிறந்த இடத்தைத் தேடிப் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அங்கே வேறொரு காட்சியைக் காண்கிறோம். ஐம்பதாம் ஆண்டிலே நாடெங்கும் எக்காளம் ஊதப்படுகிறது. கைவிட்டுப்போன நிலம் உரியவனிடம் திரும்புகிறது. கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்தாரிடம் போய்ச் சேருகிறான். ஆக, யூபிலி என்பது வீடு திரும்பும் விழா.

இம்மலரின் மற்றப் பக்கங்களில் நம் பங்கின் வரலாற்றையும், இங்கே பணியாற்றிய குருக்கள், கன்னியர் ஆகியோரின் பெயர்களையும், பங்குக் குடும்பங்களின் பட்டியலையும் காண்பீர்கள். திருச்சபை வரலாற்றோடு தொடர்புள்ள கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் அடியேனைக் கேட்டபோது, வீடு திரும்ப ஆசைப்பட்டு, திரும்பியும் வந்து, பின் அந்த வீட்டிலிருந்தே பிடுங்கி எறியப்பட்ட ஒரு கிறிஸ்தவ மக்களின் கதையே மனத்தில் எழுந்தது. அவர்கள்தாம் ஆர்மீனியர்கள்.

யார் இந்த ஆர்மீனியர்?

நோவேயின் பேழை தங்கியதாகப் பாரம்பரியம் கூறும் அரராத் மலையை அண்ணாந்து பார்த்து வாழ்கிறவர்கள் இவர்கள். அப்போஸ்தலர்களான ததேயுவும் பர்த்தொலொமேயுவும் தங்களுக்கு நற்செய்தி கொணர்ந்தனர் என்பது இவர்கள் போற்றிவரும் மரபு. புனித கிரகோரியாரின் போதனையால் திரிதாத்து அரசன் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றதும், கிறிஸ்தவத்தை நாட்டின் மதமாக உலகிலேயே முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாடு ஆர்மீனியாவாயிற்று. மரபுப்படி இது நடந்தது கி.பி. 301-இல். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோத்து என்ற துறவி இவர்களுக்கென எழுத்துக்களை உருவாக்கினார். அவ்வெழுத்தில் வேதாகமம் பெயர்க்கப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் எச்மியாட்ஸினில் உள்ள கத்தோலிக்கோஸ் என்னும் தலைமை ஆயரின் கீழ் உள்ள ஆர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். உரோமையோடு ஒன்றித்திருக்கும் ஆர்மீனியக் கத்தோலிக்கரும் உண்டு.

நமக்கு இவர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். சென்னையில் புனித அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்கள் 'அரண்மனைக்காரத் தெரு' என்று சொல்வார்கள். 'ஆர்மீனியன் தெரு' என்பது மக்கள் வாயில் அப்படித் திரிந்தது. பரங்கிமலையில் புனித தோமையார் ஆலயத்துக்கு நாம் ஏறும் படிகளைக் கட்டுவித்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனியச் செய்தித்தாளான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானதும் சென்னையில்தான். அதை நடத்தியவர் ஆருத்தியுன் ஷ்மாவோனியான் என்ற குரு. 1964-இல் பம்பாயில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தபோது பாப்புவின் பிரதிநிதியாக வந்தவர் கர்தினால் அகஜானியான். அவரும் காக்கேசிய மலைநாட்டு அகால்த்சிகே நகரில் பிறந்த ஆர்மீனியரே.

முதல் சிலுவை

முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-ஆம் ஆண்டு, துருக்கிய ஒட்டோமான் அரசு தன் ஆட்சியில் வாழ்ந்த ஆர்மீனியரை வேரறுக்க முனைந்தது. ஏப்ரல் 24-ஆம் நாள் கான்ஸ்தாந்தினோப்பிளில் அவர்களுடைய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் சிரியாவின் தேர் எஸ் சோர் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். மாண்டவர்கள் 10 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் இடைப்பட்டவர்கள் என வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். பிழைத்தவர்கள் அலெப்போவிலும் பெய்ரூட்டிலும் ஏதென்ஸிலும் மார்செய் துறைமுகத்திலும் அகதிகளாகக் கரையேறினர். அநாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் தையற்காரராகவும் செருப்புத் தைப்பவராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் பிழைத்தனர்.

தாயகத்தின் கிழக்குப் பகுதியில் 1918 மே 28-இல் ஒரு சிறு குடியரசு தோன்றியது. அதை ஆண்டது 1890-இல் தொடங்கப்பட்ட தாஷ்நாக் கட்சி. இரண்டரை ஆண்டுகளே அந்தக் குடியரசு நின்றது. 1920 டிசம்பரில் ஆர்மீனியா சோவியத் ஆட்சிக்குள் வந்தது. தாஷ்நாக் கட்சி தடைசெய்யப்பட்டது. அதன் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முப்பது ஆண்டுகள் கழித்து, செத்துப்போன அந்தக் கட்சியின் பெயராலேயே உயிரோடிருந்த குடும்பங்கள் கடத்தப்பட்டன.

ஸ்தாலினுடைய ஆட்சி முதலில் கை வைத்தது சிந்திப்பவர் மீதும் செபிப்பவர் மீதும். கவிஞர் எகிஷே சாரென்ஸ் 1937 நவம்பரில் யெரெவான் சிறையில் இறந்தார். கத்தோலிக்கோஸ் முதலாம் கோரென் 1938 ஏப்ரலில் எச்மியாட்ஸினில் மாண்டார். இரகசியக் காவலரே அவரைக் கொன்றனர் என்று மக்கள் உறுதியாக நம்பினர். கத்தோலிக்கக் குருக்கள் சிறைப்பட்டனர். அவர்கள் ஆலயங்கள் மூடப்பட்டன. வான் நகரில் பிறந்து, 1915-இல் அநாதையான எழுத்தாளர் குர்கென் மகாரி 1936-இல் கைதானார். 1947-இல் விடுதலை பெற்றார். மறு ஆண்டே மீண்டும் கைதாகிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். பாலைவனத்துக்குத் தப்பியவரைப் பனிவனம் வாங்கிக்கொண்டது.

கிரிமியாவில் ஒரு ஜூன் மாதம்

தனியாட்களைச் சிறைப்படுத்துவதோடு அந்த ஆட்சி நிற்கவில்லை. குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக, இனம் இனமாக அப்புறப்படுத்தும் வழக்கமும் அதற்கு உண்டு. கருங்கடலின் வடகரையில் உள்ள கிரிமியா தீபகற்பத்தில் ஆர்மீனியர் இடைக்காலந்தொட்டு வாழ்ந்தவர்கள். அங்குள்ள 'சூர்ப் காச்', அதாவது திருச்சிலுவை மடம், 1358-இல் கட்டப்பட்டது. கடலோவியங்களால் உலகப்புகழ் பெற்ற ஐவசோவ்ஸ்கியும் அங்கே பெயோதோசியா நகரில் பிறந்த ஆர்மீனியரே.

ஜெர்மானியரை விரட்டிக் கிரிமியாவை மீட்ட சோவியத் அரசு, 1944 மே 18-இல் தாத்தாரிய மக்கள் அனைவரையும் ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பியது. அடுத்து ஜூன் 27-ஆம் நாள் கிரேக்கர், பல்கேரியர், ஆர்மீனியர் ஆகியோரின் முறை வந்தது. அரசுக் கணக்கின்படியே ஆர்மீனியர் சுமார் 9,600 பேர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆர்மீனியக் குழு ஒன்று ஜெர்மானியரோடு ஒத்துழைத்தது என்பது குற்றச்சாட்டு. அந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்திருப்பர்? கைக்குழந்தையும் கிழவியும் அதில் உறுப்பினராய் இருந்தனரோ? இக்கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஊரால் மலைப்பகுதிக்கும் கெமெரோவோ சுரங்கப் பகுதிக்கும் கசக்ஸ்தானுக்கும் அவர்கள் சிதறடிக்கப்பட்டனர். அவர்கள் பிள்ளைகளோ அதே வேளையில் சோவியத் படையில் நின்று போரிட்டுக்கொண்டிருந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில், ஜார்ஜியாவின் தென்மேற்கு எல்லையிலிருந்து ஹெம்ஷின் மக்கள் சுமார் 1,400 பேர் மெஸ்கேத்தியத் துருக்கியரோடு சேர்த்து மத்திய ஆசியாவுக்குக் கடத்தப்பட்டனர். இவர்கள் மதத்தால் இஸ்லாமியர், பேசுவதோ ஆர்மீனிய மொழி. மதம், மொழி என எதைச் சொல்லியும் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்பதை இது காட்டுகிறதன்றோ?

"வாருங்கள், வீடு இங்கே இருக்கிறது"

போர் முடிந்தது. சோவியத் ஆர்மீனியாவிலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் போர்முனைக்குச் சென்றிருந்தனர். பல்லாயிரவர் திரும்பவில்லை. உழவும் தொழிலும் ஆளின்றி நின்றன. துருக்கியிடமிருந்து கார்ஸ், அர்தகான் பகுதிகளைக் கேட்கும் எண்ணமும் 1945-இல் மாஸ்கோவுக்கு இருந்தது. அங்கே குடியேற்ற ஆர்மீனியர் வேண்டும். இவ்விரு நோக்கங்களோடு, 1945 நவம்பர் 21-இல் உலகெங்கும் சிதறிய ஆர்மீனியர் தாயகம் திரும்பலாம் என ஆணை பிறந்தது. அவ்வாண்டு ஜூனில் தேர்ந்தெடுக்கப்பட்ட கத்தோலிக்கோஸ் ஆறாம் ஜார்ஜும் இவ்வழைப்பை ஆதரித்தார். சிதறிய மந்தையைக் கூட்டிச் சேர்க்க விரும்பும் மேய்ப்பரின் ஆசை அது. அதை நாம் குறைகூற இயலாது.

அகதி முகாம்களிலும் நகரக் குடிசைகளிலும் முப்பது ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு இவ்வழைப்பு எக்காள ஒலியாகவே கேட்டது. சிரியா, லெபனான், ஈரான், கிரீஸ், பிரான்சு, பல்கேரியா, ருமேனியா, எகிப்து, ஈராக், அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து 1946-க்கும் 1948-க்கும் இடையே சுமார் 90,000 பேர் புறப்பட்டனர். வீட்டை விற்றனர், கடையை விற்றனர், தையல் இயந்திரத்தைப் பொட்டலம் கட்டினர். பிரான்சிலிருந்து மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் சென்றனர். அவர்களை ஏற்றிக்கொண்டு 'ரோஸ்ஸியா' என்ற கப்பல் 1947 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தை விட்டது. கப்பல்கள் கருங்கடல் துறைமுகமான பாத்துமியில் வந்து நின்றன. பலர் குனிந்து அந்த மண்ணை முத்தமிட்டனர்.

தாயகத்திலோ ரொட்டிக்கு வரிசை. வாக்களித்த வீடுகள் கட்டப்படவில்லை. கல்லும் மண்ணும் சுமந்து தாமே கட்டிக்கொண்டனர். யெரெவான் நகரின் புறப்பகுதிகளுக்கு 1920-களிலிருந்தே அகதிகள் தாம் இழந்த ஊர்களின் பெயரை இட்டிருந்தனர். நோர் அரப்கிர், நோர் மலத்தியா, நோர் சேபஸ்தியா என்று அப்பெயர்கள் ஒலிக்கும். 'நோர்' என்றால் 'புதிய' என்று பொருள். சேபஸ்தியா என்பது வேறெங்கும் அல்ல, பிப்ரவரி 3-ஆம் நாள் தொண்டையில் மெழுகுதிரி வைத்து நாம் ஆசீர் பெறுகிறோமே, அந்தப் புனித பிளேசியார் ஆயராய் இருந்த ஊர். அப்பகுதிகளிலே புதிதாய் வந்தோர் பலரும் குடியேறினர்.

1947 டிசம்பரில் நாணய மாற்றம் வந்தது. கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் மதிப்பிழந்தது. பேச்சும் உடையும் வேறாய் இருந்ததால் உள்ளூர் மக்களும் அவர்களை ஏளனமாய்ப் பார்த்தனர். 'அஹ்பார்' என்று அழைத்தனர். மேற்கு ஆர்மீனியப் பேச்சில் அதற்குச் 'சகோதரன்' என்று பொருள். வந்தவர்கள் ஒருவரையொருவர் அன்போடு விளித்த சொல்லே அவர்களுக்கு வசைப்பெயராயிற்று. வறுமையை மனிதன் தாங்கிக்கொள்வான். சகோதரன் என்ற சொல் கேலியாவதைத் தாங்குவது எளிதன்று.

ஒரு கப்பலில் பிடித்த தீ

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் 'பொபேதா' என்ற சோவியத் கப்பல் கருங்கடலில் தீப்பற்றியது. அதற்குச் சற்று முன்னர்தான் அது எகிப்திலிருந்து ஏற்றி வந்த ஆர்மீனியரைப் பாத்துமியில் இறக்கிவிட்டு ஒதெஸ்ஸாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. சீனத் தளபதி பெங் யூசியாங் உட்பட 42 பேர் இறந்தனர். கப்பலில் இருந்த திரைப்படச் சுருள்கள் பற்றிக்கொண்டதே காரணம் என விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஸ்தாலினின் மனம் வேறு வழியில் ஓடியது. வந்திறங்கிய ஆர்மீனியருக்குள்ளே அமெரிக்க ஒற்றர் இருந்திருக்க வேண்டும், தீ அவர்கள் கைவேலையே என்று அவர் எண்ணினார். அம்மாதமே தாயகம் திரும்பும் திட்டம் நிறுத்தப்பட்டது.

தீ பிடித்தபோது அந்த ஆர்மீனியர் கப்பலிலேயே இல்லை. அவர்கள் கரையில் மூட்டை முடிச்சுகளோடு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள். சந்தேகத்துக்குச் சாட்சி தேவையில்லை. அதிகாரத்தில் இருப்பவனின் அச்சமே போதுமானது.

1949 ஜூன் 14: அந்த இரவு

மறு ஆண்டு மே மாத இறுதியில் மாஸ்கோவில் இரகசிய ஆணை தயாரானது. ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜான் ஆகிய குடியரசுகளிலிருந்தும் கருங்கடற்கரையிலிருந்தும் 'நம்பத்தகாத' குடும்பங்களை அகற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அச்செயலுக்கு 'வோல்னா', அதாவது 'அலை' என்று பெயரிட்டனர். கிரேக்கர்கள் தென் கசக்ஸ்தானுக்கு, துருக்கியர் தோம்ஸ்க் பகுதிக்கு, 'தாஷ்நாக்குகள்' சைபீரியாவின் அல்ட்டாய் பிரதேசத்துக்கு என்று ஒவ்வொரு வகையினருக்கும் இடம் குறிக்கப்பட்டது. மொத்தத்தில் 50,000-க்கும் மேற்பட்டோர் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்களில் ஆர்மீனியாவிலிருந்து மட்டும் சென்றோர் ஏறத்தாழ 12,000 முதல் 13,000 பேர்.

அந்தத் 'தாஷ்நாக்குகள்' யார்? பழைய கட்சியில் இளமையில் இருந்து, பின்பு அதை விட்டு ஒதுங்கிய முதியோர் சிலர். வெளிநாட்டிலிருந்து தாயகம் திரும்பியோரில் பல குடும்பங்கள். போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, அங்கே வற்புறுத்தலுக்கோ பட்டினிக்கோ பணிந்து அவர்களது ஆர்மீனியப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டோர். இவர்கள் எல்லாருடைய மனைவியரும் பிள்ளைகளும் பெற்றோரும் அதே பெயருக்குள் அடங்கினர். ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிப் பதக்கம் பெற்றவன் வீட்டிலும் அன்றிரவு கதவு தட்டப்பட்டது.

ஜூன் 13 முடிந்து 14 பிறக்கும் இரவில் லாரிகள் தெருக்களில் வந்து நின்றன. அதிகாரி ஒருவர், ஆயுதந்தாங்கிய சிப்பாய்கள், கையிலே பட்டியல். தூக்கத்திலிருந்து எழுந்த குடும்பத்துக்கு, எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்ற உத்தரவு. எங்கே என்று சொல்லப்படவில்லை. வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, தீர்ப்பு வாசிக்கப்படவில்லை. ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகள் காத்திருந்தன. கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டன. காக்கேசிய மலைகளைக் கடந்து, ருஷ்யச் சமவெளியைக் கடந்து, ஊரால் மலைகளைக் கடந்து, நாட்கணக்காக அவ்வண்டிகள் ஓடின. 1915-இல் சிறு பிள்ளையாய்த் தாயின் கையைப் பிடித்து நடந்த ஒருவர் 1949-இல் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்து வண்டி ஏறினார் என்றால், அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். முதல் முறை அவரைத் துரத்தியவன் பகைவன். இம்முறை துரத்தியவன் 'வா' என்று அழைத்தவன்.

அல்ட்டாய் பனியில்

அல்ட்டாய் பிரதேசம் கசக்ஸ்தான் எல்லையை ஒட்டிய தென் சைபீரியப் பகுதி. குளிர் காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்குவதுண்டு. திராட்சைத் தோட்டமும் வாதுமை மரமும் கண்டு வளர்ந்தவர்கள் அங்கே மரம் வெட்டவும் கூட்டுப்பண்ணைகளில் பாடுபடவும் அனுப்பப்பட்டனர். மருத்துவரும் ஆசிரியரும் தையற்காரரும் கோடரி பிடித்தனர். முதல் குளிர்காலத்தை முதியோரும் குழந்தைகளும் பலர் தாண்டவில்லை.

'தனிக் குடியேற்றத்தார்' என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். அவர்கள் மேல் கமாண்டன்ட் என்ற அதிகாரி ஒருவர் இருப்பார். குறித்த நாட்களில் அவர் முன் சென்று கையொப்பமிட வேண்டும். அனுமதியின்றி அடுத்த பகுதிக்குப் போகவும் கூடாது. போர்க்காலத்தில் கடத்தப்பட்ட மக்களின் நாடுகடத்தல் என்றென்றைக்கும் உரியது, தப்பியோடுவோருக்கு 20 ஆண்டு கடுங்காவல் என 1948 நவம்பர் 26-இல் ஏற்கெனவே சட்டம் பிறந்திருந்தது. 'என்றென்றைக்கும்' என்ற சொல்லைச் செபத்தில் நாம் எத்தனை முறை சொல்கிறோம்! பரிசுத்த தமத்திரித்துவத்துக்கு உரிய அச்சொல்லை ஓர் அரசு தன் ஆணையில் எழுதிற்று.

அங்கே அவர்கள் தனியாகவும் இல்லை. 1941-இல் கொண்டுவரப்பட்ட வோல்கா ஜெர்மானியரும், பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த லித்துவேனியக் கத்தோலிக்கரும், கல்முக்கியரும் அல்ட்டாயில் முன்பே பனியைத் தின்றுகொண்டிருந்தவர்கள். வெவ்வேறு மொழி பேசிய இவர்கள் அனைவரும் ஒரே கமாண்டன்ட் முன்னர் வரிசையில் நின்றனர். தாமே வறுமையில் உழன்ற ருஷ்யக் கிராமத்துப் பெண்கள் உருளைக்கிழங்கும் பாலும் கொடுத்துத் தங்களைக் காத்ததாகப் பிழைத்தோர் பலர் பின்னாளில் நன்றியோடு கூறியதுண்டு. நல்ல சமாரித்தன் எம்மொழி பேசினான் என்று காயப்பட்டவன் கேட்பதில்லை.

குடும்பத்தார் ஓய்ந்திருக்கவும் இல்லை. "நாங்கள் செய்த குற்றம் என்ன?" என்று மாஸ்கோவுக்கும் யெரெவானுக்கும் மனுமேல் மனு எழுதினர். குற்றம் என்று ஒன்று இருந்தாலன்றோ பதில் எழுத முடியும்?

திரும்பி வந்தது எது, வராதது எது?

1953 மார்ச் 5-இல் ஸ்தாலின் இறந்தார். அதன்பின் கட்டுப்பாடுகள் மெல்லத் தளர்ந்தன. 1954 முதல் 1956 வரை அல்ட்டாயிலிருந்து குடும்பங்கள் திரும்பின. குர்கென் மகாரியும் 1954-இல் திரும்பினார். அவரோடு வந்தவர், நாடு கடத்தலில் அவர் மணந்துகொண்ட லித்துவேனியப் பெண்மணி. கிரிமியா ஆர்மீனியரின் 'தனிக் குடியேற்ற' நிலை 1956 மார்ச் 27-ஆம் நாள் ஆணையால் நீங்கியது. ஆனால் பறிமுதலான சொத்தைக் கேட்கவோ பழைய ஊருக்குத் திரும்பவோ உரிமை இல்லை என்று அதே ஆணை கூறிற்று. விடுதலை உண்டு, வீடு இல்லை. லேவியராகமத்தின் யூபிலியில் பாதி இங்கே நின்றுபோயிற்று.

1956-இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பினோ யெரெவான் நகருக்கு வந்தார். பிரான்சிலிருந்து வந்து தவித்துக்கொண்டிருந்த ஆர்மீனியர் தெருவில் திரண்டு, தங்களைத் திரும்ப அழைத்துச் செல்லும்படி அவரிடம் கதறினர். தாயகத்துக்கு வந்தவர்கள் அகதி நாட்டுக்குத் திரும்ப மன்றாடினார்கள்! உலகம் அன்றுதான் அவர்கள் குரலைச் சற்றே கேட்டது. பின்வந்த ஆண்டுகளில் பல்லாயிரவர் ஒவ்வொருவராய் வெளியேறினர்.

1989 நவம்பர் 14-இல் சோவியத் நாடாளுமன்றமே, மக்களினங்களைக் கடத்தியது சட்டவிரோதமும் குற்றமும் ஆகும் என அறிவித்தது. 1991-இல் ஆர்மீனியா விடுதலை பெற்றது. அவ்வாண்டே திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அந்நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழும் ஆர்மீனியக் கத்தோலிக்கருக்காகக் கியும்ரி நகரில் தனி ஆட்சிப் பகுதியை நிறுவினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குருவின்றி, வீட்டுக்குள் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபங்களைக் கொண்டே விசுவாசத்தைக் காத்த கிராமங்களுக்கு மீண்டும் மேய்ப்பர் கிடைத்தார். 2016 ஜூன் 25-இல் அதே கியும்ரியின் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலி நிறைவேற்றினார். இன்று ஜூன் 14-ஆம் நாள் ஆர்மீனியாவில் ஒடுக்குமுறைக்கு இரையானோரின் நினைவு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

இரண்டு பட்டியல்கள்

இவ்வரலாற்றை வாசிக்கும்போது கொடுங்கோலன் ஒருவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்தாலின் யெரெவானில் எந்தக் கதவையும் தட்டவில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ஒருவர். முகவரியைக் காட்டியவர் ஒருவர். லாரியை ஓட்டியவர் ஒருவர். காலியான வீட்டில் மறுவாரம் குடியேறியவர் ஒருவர். இவர்களுள் பலரும் ஆர்மீனியரே, அண்டை வீட்டாரே. 'அஹ்பார்' என்று நேற்றுக் கேலி செய்த நாவுக்கு, 'தாஷ்நாக்' என்று இன்று சொல்வது கடினமாய் இருந்திருக்காது. பெரிய பாவத்துக்கு முன்னால் இப்படிச் சிறிய பாவம் ஒன்று வழி சமைக்கிறது. மனிதனை அவன் பெயரால் அழைப்பதை விட்டு, ஒரு கூட்டத்தின் பெயரால் அழைக்கத் தொடங்குவதே அது.

பங்கு அலுவலகத்திலும் பட்டியல்கள் உள்ளன. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, மரணப் பதிவேடு. அவற்றைப் புரட்டும்போதெல்லாம் அடியேனுக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. அங்கே எந்தப் பெயரும் கூட்டமாய் எழுதப்படுவதில்லை. இன்னார் மகன், இன்னார் மகள், இந்த நாளில் பிறந்து, இவரை ஞானப்பெற்றோராய்க் கொண்டு என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதப்படுகிறார்கள். "நீ இந்த வீட்டுப் பிள்ளை" என்று சொல்வதே அப்பதிவேட்டின் நோக்கம். அல்ட்டாய்க்கு அனுப்பியவர்களின் பட்டியலிலும் பெயரும் வயதும் உறவும் இருந்தன. அதன் நோக்கமோ "நீ இந்த வீட்டுப் பிள்ளை அல்ல" என்று சொல்வது. ஒரே மையில், ஒரே விதமான கட்டங்களில் இரண்டையும் எழுதலாம். எழுதுகிறவனின் நெஞ்சில்தான் வேறுபாடு இருக்கிறது.

ஆகவே, இந்த யூபிலி ஆண்டில் ஒன்றைச் செய்வோம். இம்மலரில் அச்சாகியுள்ள பங்குக் குடும்பங்களின் பட்டியலை ஒருமுறை பொறுமையாய் வாசியுங்கள். நம் தெருவில் வாழ்ந்தும் அதில் இடம்பெறாத குடும்பம் உண்டா? வெளியூரிலிருந்து பிழைக்க வந்ததால், சண்டையால், சாதியால், கடனால், நாம் இட்ட ஏதோ ஒரு பட்டப்பெயரால் ஒதுங்கி நிற்கும் வீடு உண்டா? அவ்வீட்டுக் கதவைப் பகல் வெளிச்சத்தில் போய்த் தட்டுங்கள். உள்ளே இருப்பவரை அவருடைய சொந்தப் பெயரால் அழையுங்கள். ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எகிப்துக்கு ஓடி, பின்னர் நாசரேத்துக்குத் திரும்பிய திருக்குடும்பம், அல்ட்டாயின் பெயரற்ற கல்லறைகளில் துயிலும் ஆர்மீனியக் குடும்பங்களுக்காகவும் நமக்காகவும் மன்றாடுவதாக.